ஆறு கோர், எட்டு ஜிபி: ஒரு தப்புக் கணக்கு

வீட்டில் நாலைந்து விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டிப் பார்க்கும் ஆசையில் ஒரு டெஸ்க்டாப் வாங்கினேன். ஆறு கோர் ப்ராசஸர், 8 ஜிபி ராம். விஎம் என்றால் கணினிக்குள் கணினி, அப்படியானால் ப்ராசஸர்தானே பெரிதாக வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இரண்டாவது விஎம்மைத் தொடங்கியதுமே மெஷின் திணற ஆரம்பித்துவிட்டது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ராம் நிரம்பி வழிகிறது. ப்ராசஸரோ பத்து சதவீதம்கூடத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சம்பளத்தை வேலையில்லாதவனுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

தெருக்குழாய் ஒன்றுதான் என்றாலும் பத்து வீட்டார் முறைவைத்துத் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். பிடித்த தண்ணீரை வைக்க மட்டும் ஆளுக்கொரு குடம் வேண்டும். ப்ராசஸர் குழாய், ராம் குடம்.

ஒரு விஎம்முக்குள் இருக்கும் லினக்ஸுக்கோ விண்டோஸுக்கோ வேலை எதுவும் இல்லையென்றால், அது ப்ராசஸரிடம் 'ஹால்ட்' என்ற கட்டளையைக் கொடுக்கும். அடுத்த வேலை வரும்வரை நில் என்று பொருள். இந்தக் கட்டளை, விஎம்களையெல்லாம் வெளியிலிருந்து ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் கையில் போய் விழுகிறது. அது உடனே அந்தக் கோரைப் பிடுங்கி, காத்திருக்கும் இன்னொரு விஎம்முக்குக் கொடுத்துவிடும். வீட்டு விஎம்கள் நாளின் பெரும்பகுதி தூங்குபவை என்பதால், ஆறு கோரை வைத்துக்கொண்டு பதினைந்து கோர் இருப்பதாகப் பங்கு போட்டுக் காட்டினாலும் யாருக்கும் தெரியாது.

ராமில் இந்த வித்தை எளிதில் பலிக்காது. ராமைப் 'பக்கம்' என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் பிரித்துக் கொடுப்பார்கள். உள்ளே இருக்கும் விஎம் எந்தப் பக்கத்தைப் பயன்படுத்துகிறது, எதைக் காலியாக விட்டிருக்கிறது என்பது வெளியில் இருக்கும் ஹைப்பர்வைசருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, லினக்ஸ் மிச்சமிருக்கும் ராமையெல்லாம் டிஸ்க் கேஷாக, அதாவது டிஸ்க்கில் படித்தவற்றின் நகலாக, நிரப்பி வைத்துக்கொள்ளும். தூங்கினாலும் குடத்தை விடாது. இதற்காகவே 'பலூன்' என்று ஓர் ஏற்பாடு உண்டு: விஎம்முக்குள் ஒரு டிரைவர் ஊதிப் பெருத்து ராமைப் பிடித்துக்கொண்டு, அதை ஹைப்பர்வைசரிடம் திருப்பிக் கொடுக்கும். விஎம்களில் ஒரே மாதிரி இருக்கும் பக்கங்களை ஒன்றாக்கிவிடும் கேஎஸ்எம் என்ற வசதியும் 2009 முதல் லினக்ஸில் இருக்கிறது. இரண்டும் ஒட்டுப்போடும் வேலைதான். நம்பி ராமைக் குறைத்து வாங்காதீர்கள். விண்டோஸ் 11-க்கு மட்டுமே குறைந்தது 4 ஜிபி வேண்டும், நிம்மதியாக ஓட 8. கூடவே இரண்டு மூன்று லினக்ஸ் சர்வர்களை வைத்தால் 32 ஜிபியில்தான் மூச்சு விட முடியும். எத்தனை ராம் ஸ்லாட் இருக்கிறது, அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்பதைத்தான் கோர் எண்ணிக்கைக்கு முன்னால் கேட்கவேண்டும்.

அடுத்தது டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்கிறது. வேண்டிய இடம் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, முள் நகர இன்னொரு எட்டு மில்லி செகண்ட் என்று வைத்தால், செகண்டுக்கு எண்பது தடவைதான் இடம் மாற முடியும். ஒரே பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது செகண்டுக்கு 150 எம்பி தரும் அதே டிஸ்க்கில், நாலு விஎம்கள் ஆளுக்கொரு மூலையிலிருந்து 4 கேபி, 4 கேபியாகக் கேட்டால் கிடைப்பது சுமார் 320 கேபி! முள் பந்தியில் பரிமாறும் ஒற்றை ஆள்போல அங்குமிங்கும் ஓடியே களைத்துவிடும். எஸ்எஸ்டியில் நகரும் முள்ளே இல்லை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே செகண்டுக்குப் பல்லாயிரம் தடவை பதில் சொல்லும். ஹார்ட் டிஸ்க்கை பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ராசஸரில் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று உண்டு. பழைய இன்டெல் வகைச் சிப்களில் சில கட்டளைகளுக்கு ஒரு கெட்ட குணம். உதாரணம் 'பாப்எஃப்'. அதிகாரமில்லாத நிரல் அதை வைத்து இன்டரப்டை (ப்ராசஸரை இடைமறித்துக் கூப்பிடும் சமிக்ஞையை) நிறுத்தப் பார்த்தால், சிப் பிழையும் சொல்லாது, செய்யவும் செய்யாது. சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழை எழுந்தால்தானே ஹைப்பர்வைசர் குறுக்கே வரமுடியும்? அதனால்தான் 1999-இல் வந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன், உள்ளே ஓடும் இயங்குதளத்தின் இப்படிப்பட்ட கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. ஹைப்பர்வைசர் குறுக்கே வர வழிசெய்யும் வசதியாக 2005-இல் இன்டெல் விடி-எக்ஸையும், 2006-இல் ஏஎம்டி தன் ஏஎம்டி-வியையும் சிப்பிலேயே வைத்த பிறகு அந்தக் கஷ்டம் தீர்ந்தது.

ராம் முகவரியிலும் இரட்டை வேலை இருக்கிறது. விஎம் தன் ராம் என்று நினைப்பது உண்மையான ராம் அல்ல; ஒவ்வொரு முகவரியையும் இரண்டு முறை மொழிபெயர்க்கவேண்டும். சாதாரணமாக நாலு படி ஏறினால் முடியும் தேடல், இங்கே மோசமான நிலையில் 24 படியாகிறது. இதைச் சிப்பே செய்யும் வசதியை ஏஎம்டி 2007-லும் இன்டெல் 2008-லும் கொண்டுவந்தன. கிடைத்த விடையை டிஎல்பி என்ற சின்ன நினைவகத்தில் வைத்துக்கொள்வதால் தினமும் இந்தப் படியேற்றம் நம் கண்ணில் படுவதில்லை. கிராஃபிக்ஸ் கார்டையே விஎம்முக்குத் தூக்கிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் மட்டும், அதற்கு வழிசெய்யும் இன்டெல் வசதியான விடி-டி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவையும் கூட்டிக் கழித்து இப்போது நான் ஓட்டுவது, அலுவலகங்கள் கழித்துவிடும் கையகல மினி பிசி ஒன்று. 2018-இல் வந்த ஐ5-8500டி ப்ராசஸர், ஆறு கோர். இரண்டு ஸ்லாட்டில் 16 ஜிபி வீதம் 32 ஜிபி, ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி (சாட்டாவைவிட வேகமான வகை). சும்மா இருக்கும்போது பத்து வாட் சுற்றித்தான் இழுக்கும். இரண்டு மாத பில்லில் 15 யூனிட்கூட வராது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அலமாரிச் சட்டத்தில் அடுக்கும் பழைய ராக் சர்வரைத் தூக்கி வந்தால் சும்மா இருக்கவே நூறு வாட்டைத் தொடும், 144 யூனிட். ஃபேன் சத்தத்தில் பக்கத்து அறையில் தூங்கவும் முடியாது.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் கடையிலேயே ஆன் செய்து, இயங்குதளம் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அலுவலகத்தார் போட்ட பாஸ்வேர்டோடு வரும் மெஷின்கள் உண்டு. விடி-எக்ஸ் உள்ளே அணைத்து வைக்கப்பட்டிருந்து, பாஸ்வேர்டும் கடைக்காரருக்குத் தெரியாது என்றால் அந்த மெஷினை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.