நடக்கிறான், சரி. திரும்ப முடிகிறதா?

இந்த ஆண்டில் இப்படி முழங்கால் காயத்தோடு என்னிடம் வந்த மூன்றாவது பையன் இவன். வயது 17, பள்ளிக் கூடைப்பந்து அணியின் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தை ஓட்டிச் சென்று ஆட்டத்தை நடத்துபவன். டிசம்பர் விடுமுறையில் ஆடும்போது பந்தோடு ஓடிவந்து சட்டென்று நின்று திரும்பியிருக்கிறான். யாரும் இடிக்கவில்லை. முழங்காலுக்குள் 'டப்' என்று சத்தம். இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் உருண்டு வீங்கிவிட்டது. ஆயா நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டார். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. வீக்கம் வடிந்ததும் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தான். பிப்ரவரியில் மறுபடி ஆட இறங்கினான், பத்தே நிமிடத்தில் கால் மடங்கி விழுந்தான். இப்போது அந்தக் காலை முழுதாக நீட்டவே முடியவில்லை.

"காவடி தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் நடந்தானே டாக்டர், கால் நல்லாத்தானே இருந்துச்சு?" என்கிறார் அப்பா.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிசியோதெரபிஸ்டாக நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். நேராக நடப்பதற்கு ஏ.சி.எல். என்கிற ஜவ்வு, முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைப்பது, பெரிதாகத் தேவையில்லை. அது அறுந்தவர்கள் படியேறுவார்கள், கடைக்குப் போவார்கள், இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியின் மேட்டில் காவடியும் சுமப்பார்கள். ஓடுகிற வேகத்தில் நின்று உடம்பைத் திருப்பும்போதுதான் அது வேண்டும். பாயிண்ட் கார்டின் ஆட்டமே அதுதானே! வலி போனதும் வீக்கம் வடிந்ததும் ஜவ்வு ஒட்டிவிட்டதற்கு அடையாளம் அல்ல. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. அறுந்த ஜவ்வோடு ஆடினால் எலும்பு வழுக்கி, நடுவில் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸை நசுக்கும். இந்தப் பையனுக்கு அது கிழிந்து மூட்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது. டிசம்பரில் ஒரு காயம், இன்று இரண்டு.

கையால் சோதித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். முழங்காலைச் சற்றே மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுப்போம். நல்ல காலில் கயிறு இறுகினாற்போல் டக்கென்று நிற்கும். இவன் காலில் என் கை போய்க்கொண்டே இருந்தது.

அவன் போட்டிருந்த சட்டையில் 1 என்ற எண். அது டெரிக் ரோஸின் எண். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் சிகாகோ புல்ஸ் அணியின் பாயிண்ட் கார்டாக இருந்தவர். 2011இல் 22 வயதில் எம்.வி.பி., அதாவது லீகின் சீசனின் சிறந்த ஆட்டக்காரர்; அந்த விருதை வாங்கியவர்களில் அவர்தான் மிக இளையவர். 2012 ஏப்ரல் 28 அன்று பிளேஆஃப் எனும் சீசன் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லை, அணி 12 புள்ளி முன்னிலையில் இருந்தது. கூடையை நோக்கிப் போய் இரு காலையும் ஊன்றி நின்றார், இடது முழங்காலின் ஏ.சி.எல். அறுந்தது. அடுத்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. மருத்துவர்கள் சம்மதித்த பிறகும் ஏன் இறங்கவில்லை என்று ஊரே ஏசியது. அப்படிப் பொறுத்திருந்து வந்தும் 2013 நவம்பரில் வலது முழங்காலின் மெனிஸ்கஸ் கிழிந்தது, 2015இல் மறுபடி அதே இடம். 2018இல் ஒரே ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்தார், 2024 வரை களத்தில் இருந்தார். ஆனால் எம்.வி.பி. மறுபடி கிடைக்கவில்லை. உலகின் சிறந்த மருத்துவம் பக்கத்திலேயே இருந்தவருக்கே இந்த நிலை. நம் பிள்ளையை ஐந்தாறு வாரத்தில் அனுப்புகிறோம்.

'டப்' சத்தம் கேட்டதா, சில மணி நேரத்தில் வீங்கியதா, அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மிச்ச ஐந்து நிமிடம்கூட வேண்டாம். துணி சுற்றிய ஐஸை கால் மணி நேரம் வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். நீவாதீர்கள், இழுத்துவிடாதீர்கள். ஆயாமார்களின் அன்பு எனக்குத் தெரியும், அந்தக் கைகளிடம்தான் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த வாரமே முழங்காலைச் சோதிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மெடிக்கல் எய்ட் எனும் தனியார் மருத்துவக் காப்பீடு இல்லாத வீடுகளுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வரிசை நீளம், எனக்கும் அது தெரியும். ஆனால் தொடையை வலுப்படுத்தும் பயிற்சிக்கு வரிசை இல்லை, காத்திருக்கும் நாட்களிலேயே தொடங்கலாம். அறுவை சிகிச்சை ஆனால் குறைந்தது 9 மாதம். அதன் பிறகும் இரண்டு கால்களின் பலமும் ஏறக்குறைய சமமாக வந்தால்தான் களம். தேதியை மட்டும் பார்த்து நான் விடமாட்டேன்.

இடையில் கல்யாண வீட்டிலும் கோயிலிலும் "என்ன தம்பி, இன்னுமா ஆடல?" என்று கேட்காதீர்கள். போன வாரம் இந்தப் பையன் அதைச் சொல்லித்தான் என் மேசையில் உட்கார்ந்து அழுதான்.