ஜாமீன் மனுவை ஏஐ முடிவு செய்யுமா?

செய்யாது. இந்தியக் குற்றவியல் நீதிமன்றங்களில் ஜாமீன் தருவதும் மறுப்பதும் நீதிபதியின் கையில்தான் இருக்கிறது.

பேச்சு கிளம்பியது 2023 மார்ச்சில். கொலை வழக்கு ஒன்றின் ஜாமீன் மனுவை விசாரித்த பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்ற நீதிபதி அனூப் சிட்காரா, கொடூரமாகத் தாக்கிய வழக்குகளில் ஜாமீன் பற்றிய பொதுவான பார்வை என்ன என்று ஏஐ கருவியான சாட்ஜிபிடியிடம் கேட்டு, அந்தப் பதிலை உத்தரவிலும் சேர்த்தார். மனு தள்ளுபடியானது. ஆனால் அந்தப் பதில் வழக்கைப் பற்றிய கருத்து அல்ல என்று உத்தரவே சொன்னது. அதைப் பலரும் படிக்கவில்லை.

இதில் வெளிப்படையான விதி வகுத்தது கேரள உயர் நீதிமன்றம். 2025 ஜூலையில் அது மாவட்ட நீதிமன்றங்களுக்காக வெளியிட்ட கொள்கைப்படி, தீர்ப்போ உத்தரவோ நிவாரணமோ எதையும் ஏஐயை வைத்து முடிவு செய்யக் கூடாது. மற்ற வேலைகளுக்கும் அனுமதி பெற்ற கருவிகள் மட்டுமே. அவை தருவதை மனிதர் சரிபார்க்க வேண்டும்.

சரி, அப்போது கணினிக்கு என்னதான் வேலை? என்னைக் கேட்டால், சிறையில் கழித்த நாட்களைக் கணக்குப் பார்ப்பதும் ஜாமீன் உத்தரவுத் தாளைச் சிறைக்குக் கொண்டுசேர்ப்பதும்.

நாள் கணக்கு என்பது பிஎன்எஸ்எஸ் எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு. அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்துவிட்ட விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தர வேண்டும். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. முதல்முறை மாட்டியவர் 2025 மார்ச் 10-ல் உள்ளே போயிருந்தால், 2026 மார்ச் 10-ல் கெடு வந்துவிடும். அன்று நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. சட்டம் 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே உள்ளே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்று அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது கிடையாது. வேறு வழக்கும் நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. வழக்கைக் கைதியே இழுத்தடித்த நாட்களையும் கழிப்பார்கள். இங்கேதான் எந்திரம் தடுமாறும். வாய்தா எத்தனை என்று அது எண்ணிவிடும். யாரால் வாய்தா போனது என்பதை வழக்குக் கட்டைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

அப்புறம் தாள். ஜாமீன் கிடைத்தும் வெளியே வராமல் கிடப்பவர்கள் உண்டு. 2023 ஜனவரி 31 உத்தரவில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொன்னது. உத்தரவின் நகல் அன்றே அல்லது மறுநாள் சிறைக்கு மின்னஞ்சலில் போக வேண்டும். சிறைத் துறையின் இ-பிரிசன்ஸ் மென்பொருளில் ஜாமீன் கிடைத்த தேதி ஏற வேண்டும். 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தகவல் போக வேண்டும். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதும் விடுதலை தாமதமாக ஒரு காரணம். அந்த நிபந்தனையை விதிக்காமல் இருக்கலாம் என்றும் அதே உத்தரவு யோசனை சொல்கிறது.

வீட்டில் யாராவது உள்ளே இருந்தால், கைதான தேதி, சட்டப் பிரிவு, வேறு வழக்கு உண்டா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இலவச சட்ட உதவிக்கான 15100 எண்ணுக்குப் பேசுங்கள்.