மஞ்சள் கருவுக்கு நிறம் தருவது எது?

உசிலம்பட்டிப் பக்கம் வீட்டுக் கோழி முட்டை வாங்குபவர்கள் முதலில் பேசுவது கருவின் நிறத்தைத்தான். கலக்கி போட்டால்கூடத் தெரியும், செக்கச் செவேலென்று இருக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த நிறம் இனத்தால் வருவதைவிடத் தீனியால் வருவதே அதிகம்.

கோழியின் உடலால் அந்த நிறமியைத் தயாரிக்க முடியாது. லூட்டீன், ஸியாசாந்தின் போன்றவற்றைச் செடிகள்தான் உண்டாக்குகின்றன. புல்லும் கீரையும் மஞ்சள் மக்காச்சோளமும் தின்னும்போது அவை கொழுப்போடு சேர்ந்து இரத்தத்தில் ஏறிக் கருவில் படிகின்றன. ஒரு கரு வேகமாகப் பருப்பது கடைசி 10 நாளில், படலம் படலமாக. அதனால் இன்று முருங்கைக்கீரை போட்டால் நாளைக்கே நிறம் வந்துவிடாது, ஒன்றரை வாரமாவது ஆகும். கூண்டில் அடைபட்டு, குருணையும் தவிடும் மட்டுமே தின்னும் சிறுவிடை என்ற நாட்டுக் கோழியின் கருகூட வெளிறித்தான் இருக்கும். தீவனத்தில் கேந்திப்பூ இதழின் சாறு சேர்த்தால் பண்ணைக் கோழியின் கருவும் பளிச்சென்று இருக்கும். ஆகவே நிறத்தை வைத்து மட்டும் மேய்ந்த கோழி என்று முடிவு கட்டக் கூடாது. ஓட்டின் நிறமோ பெரும்பாலும் இனத்தைச் சேர்ந்தது.

சரி, மேய்ச்சலால் என்ன லாபம்? வெள்ளைக்கரு பெரிதாக மாறுவதில்லை. ஒரே எடையுள்ள முட்டை என்றால் புரதம் பண்ணைக்கும் கொல்லைக்கும் கிட்டத்தட்ட பொது. கொலஸ்ட்ராலும் அவ்வளவாகக் குறையாது, குறையும் என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். மாறுவது கருவின் கொழுப்பும் அதில் கரைந்தவையும். பச்சிலையில் உள்ள ஒமேகா-3 கொழுப்பின் ஒரு பகுதியைக் கோழியின் கல்லீரல் டிஹெச்ஏ என்ற இன்னொரு வகை ஒமேகா-3 ஆக மாற்றிக் கருவில் சேர்க்கிறது. வைட்டமின் ஈ கூடுகிறது. வெயில் படும் கோழிக்கு, இறகில்லாத கால் தோலில் வைட்டமின் டி உருவாகிறது. அதுவும் கருவுக்குப் போகிறது. எனக்கு இதுதான் மேய்ச்சலின் பெரிய வரம். எவ்வளவு நல்ல தீவனம் போட்டாலும், கொட்டகைக்குள் அந்த வெயில் வராது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. குப்பை எரித்த இடத்தைக் கிளறும் கோழியின் முட்டையில் டையாக்சின், ஈயம் போன்ற நஞ்சுகள் சேரலாம். கோழி எந்த மண்ணைக் கிளறுகிறது என்பதை விற்பவரிடம் கேளுங்கள். இதில் கூச்சம் தேவையில்லை.

அப்புறம் ஓடு. சித்திரை, வைகாசியில் மதுரை வெயிலில் ஓடு மெலிந்து, தொட்டாலே விரிசல் விடுவதை வளர்ப்பவர்கள் அறிவார்கள். கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி மூச்சிரைக்கும்போது இரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். கார்பனேட்டுக்கு வேண்டிய சரக்கே இரத்தத்தில் குறைந்தால் ஓடு எப்படித் தடிக்கும்? போதாததற்குச் சூட்டில் தீனியும் எடுக்காது. ஓடு உருவாகச் சுமார் 20 மணி நேரம் ஆகும், பெரும்பகுதி இரவில். ஒரு முட்டையின் ஓட்டில் 2 கிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. அதனால் கிளிஞ்சலைப் பொடிக்காமல் சிறு துண்டுகளாக உடைத்து, அடைவதற்கு முன் சாயங்காலத்தில் வையுங்கள். துண்டுகள் இரைப்பையில் தங்கி, ராத்திரி முழுக்க மெல்லக் கரையும். பகலில் நிழலில் குளிர்ந்த தண்ணீர் இருக்க வேண்டும்.