ஒழுகும் பவர் ஸ்டீயரிங் பம்ப்பும் அதன் ஆயில் சீலும்

நிறுத்திவைத்த வண்டியின் அடியில், பெல்ட் ஓடும் பக்கமாகச் சிவப்பாகவோ பழுப்பாகவோ எண்ணெய்த் துளிகள் தெரிந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பம்ப் முனகவும் செய்தால், ஸ்டீயரிங்கை எளிதாகத் திருப்ப உதவும் பவர் ஸ்டீயரிங் அமைப்பின் எண்ணெய் எங்கோ வெளியேறுகிறது என்று கொள்ளலாம். பலரும் உடனே பம்ப்பையே மாற்றிவிடுகிறார்கள். பல நேரங்களில் பழுதாகியிருப்பது அதன் சுழலும் தண்டான ஷாஃப்ட்டைச் சுற்றி அமர்ந்திருக்கும் விலை குறைந்த ரப்பர் வளையம் மட்டுமே. அந்த ஆயில் சீல் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்தவர், பொறுமையும் ஓரளவு கருவிகளும் இருந்தால், வீட்டு வாசலிலேயே இதைச் சரிசெய்ய முடியும்.

முதலில் பம்ப்பைப் பார்ப்போம். நீள்வட்டக் குழி ஒன்றுக்குள் வட்டமான சுழலி சுற்றுகிறது. அதன் பிளவுகளில் செருகப்பட்ட மெல்லிய தகடுகள், சுழற்சி வேகத்தாலும் பின்னாலிருந்து தள்ளும் எண்ணெயாலும் வெளியே நகர்ந்து குழியின் சுவரை உரசிக்கொண்டே செல்கின்றன. இரு தகடுகளுக்கு இடையிலுள்ள அறை விரியும்போது எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது, சுருங்கும்போது வெளியே தள்ளப்படுகிறது. பம்ப் தருவது ஓட்டத்தைத்தான். அந்த ஓட்டத்துக்குத் தடை வரும்போதே அழுத்தம் பிறக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களில் உருவாக்கிய அமைப்பின் நுட்பமும் இதுவே: நேராக ஓட்டும்போது வால்வு திறந்தே இருந்து எண்ணெய் தடையின்றிச் சுற்றிவரும், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மட்டும் அழுத்தம் ஏறும். 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் கார் வழியாகப் பவர் ஸ்டீயரிங் பொதுமக்களின் கைக்கு வந்தது. இன்றைய கார்கள் பலவற்றில் மின்மோட்டார் இப்பணியை ஏற்றுக்கொண்டாலும், பழைய கார்களிலும் ஜீப்புகளிலும் கனரக வாகனங்களிலும் எண்ணெய் முறை தொடர்கிறது.

கசிவைத் தேடும்போது இந்த அழுத்த வேறுபாடு நல்ல வழிகாட்டி. ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பினால் அழுத்தம் 70 முதல் 100 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) வரைகூட உயரலாம். அப்போது மட்டும் எண்ணெய் பீறிட்டால், அழுத்த ஹோஸையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்க வேண்டும். ஷாஃப்ட் சீல் இருக்கும் இடமோ பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால் அங்கே அழுத்தம் மிகக் குறைவு. ஆகவே சீல் கெட்டால் எண்ணெய் மெதுவாக ஊறிவரும். பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் பின்புறம் நனைந்திருக்கும். சில வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது அதே இடைவெளி வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பவர் ஸ்டீயரிங் டேங்க்கில் எண்ணெய் நுரைத்து நிற்பதும் உண்டு.

எண்ணெய் கீழ்நோக்கி வழியும், விசிறியின் காற்றில் பின்னோக்கியும் பரவும் என்பதால், நனைந்த இடத்தைக் கண்டு முடிவெடுக்கக் கூடாது. எஞ்சின் ஆறியபின் பம்ப்பைச் சுத்தமாகத் துடைத்து உலர்த்தி, முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பிறகு எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்பி முடித்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு தொடங்கும் மிக உயரமான இடமே கசிவின் பிறப்பிடம். ஹோஸ் க்ளாம்ப் தளர்ந்திருந்தாலோ, டேங்க் பொருந்தும் இடத்து ரப்பர் வளையமான ஓ-ரிங் நைந்திருந்தாலோ வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஷாஃப்ட் சீல்தான் காரணம் என்றால், அதன் செயல்பாட்டைச் சற்று விரிவாக அறிவது நல்லது, ஏனெனில் இதன் அழகு வெளியே தெரிவதில்லை. சீலின் உதடு ஷாஃப்ட்டை இறுக்கிப் பிடித்து அடைப்பதாகத் தோன்றும். உண்மையில் ஷாஃப்ட் சுழலும்போது உதட்டுக்கும் இரும்புக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அளவிலான எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அது இல்லையென்றால் ரப்பர் உராய்ந்து கருகிவிடும். உதட்டின் எண்ணெய்ப் பக்கச் சரிவு செங்குத்தாகவும் காற்றுப் பக்கச் சரிவு தட்டையாகவும் அமைக்கப்பட்டிருப்பதால், ரப்பரின் நுண்ணிய மேடுகள் சுழற்சியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெளியேற முயலும் எண்ணெயை ஓயாமல் உள்ளே திருப்பி அனுப்புகின்றன. சீலைத் தலைகீழாகப் பொருத்தினால் இதே விளைவு எண்ணெயை வெளியே இறைத்துவிடும்.

எஞ்சின் வெப்பத்தில் சீலின் நைட்ரைல் ரப்பர் ஆண்டுக்கணக்கில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகும்போது இந்த நுண்செயல் நின்றுபோகிறது. ரப்பரை ஊதவைக்கும் கசிவுத் தடுப்புத் திரவங்கள் சில காலம் உதவலாம், ஆனால் விரிசல் விட்ட உதட்டை அவற்றால் மீட்க முடியாது. டேங்க்கில் பிரேக் ஆயிலை ஊற்றவே கூடாது. அதிலுள்ள கிளைக்கால் வகைச் சேர்மங்கள் மற்ற சீல்களையும் கெடுத்துவிடும்.

பெல்ட்டைத் தளர்த்தி, எண்ணெயை வடித்து, பம்ப்பைக் கழற்றியபின் புல்லியை, அதை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் கொண்டுதான் எடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் அந்த அதிர்ச்சி நேராகச் சுழலிக்கும் பேரிங்குக்கும் போய்ச் சேரும். பழைய சீலை நெம்பும்போது ஷாஃப்ட்டில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஷாஃப்ட்டில் உதடு உரசிய இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள்: நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதிய சீலும் ஒழுகும். அவ்வாறாயின், ஷாஃப்ட்டின் மேல் மாட்டும் 0.28 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு உறைகள் கடைகளில் கிடைக்கின்றன. அல்லது இடமிருந்தால் சீலைச் சற்று ஆழம் மாற்றி அமர்த்தலாம். ஷாஃப்ட்டே ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. அப்போது பம்ப்பை மாற்றுவதே சரி.

புதிய சீலின் உதட்டில் எண்ணெய் பூசி, ஷாஃப்ட்டின் கூர் விளிம்புகளை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, சீலின் வெளிவட்டத்துக்குப் பொருந்தும் சாக்கெட்டை வைத்து நேராக இறக்குங்கள்.

பம்ப்பை மாட்டி, பெல்ட்டை உரிய இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, வண்டியின் கையேடு குறிப்பிடும் எண்ணெயை நிரப்பியதும், முன்சக்கரங்களை ஜாக் ஸ்டாண்டில் உயர்த்தி, எஞ்சினை இயக்காமலே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் இருபது முறைபோல மெதுவாகத் திருப்புங்கள். காற்றுக் குமிழ்கள் டேங்க்கில் ஏறி வெளியேறும். மட்டம் குறையக் குறைய நிரப்புங்கள். எஞ்சினை இயக்கியபின் ஸ்டீயரிங்கைக் கடைக்கோடியில் சில நொடிகளுக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது. நுரை அடங்கி முனகல் நின்றதும் பவுடர் தடத்தைத் துடைத்துவிட்டு, ஓரிரு நாள் ஓட்டியபின் புல்லியின் பின்புறத்தை மீண்டும் டார்ச் அடித்துப் பாருங்கள்.