புகார்: ஓர் ஊரின் பெயரும் அதனோடு சேர்ந்த சொற்களும்

என் அக்கா மகள் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் உயர்தமிழ் எடுத்துப் படிக்கிறாள். ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சிலப்பதிகாரக் கதைச்சுருக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்: “சித்தி, கண்ணகி புகார் பண்ணினது மதுரையிலதானே? அப்புறம் ஏன் மதுரைக் காண்டத்துக்குப் புகார்க் காண்டம்னு பேர் வைக்கல?”

நல்ல கேள்வி. அவளுக்குத் தெரிந்த புகார் ஒன்றே ஒன்றுதான். “காவல்துறையில் புகார்” என்று செய்தியில் வருவது, மின்தூக்கி பழுதானால் அம்மா கைப்பேசியில் கொடுப்பது. கண்ணகி கையில் சிலம்போடு அரசவைக்குப் போய்ச் செய்ததும் அதுதானே என்று அவள் நினைத்ததில் தவறில்லை. அன்று அவளுக்குச் சொன்னதையும், அதற்காகப் புத்தகங்களைப் புரட்டியபோது எனக்குச் சேர்ந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஊரைக் குறிக்கும் புகார் வேறு, காவல்நிலையத்தில் கொடுக்கும் புகார் வேறு. ஒலி ஒன்றாக இருக்கிறதே தவிர, இரண்டும் இரண்டு சொற்கள். பிறந்த வீடும் வேறு, வந்த வழியும் வேறு.

ஊர்ப்பெயர் தமிழ். காவிரி கடலில் கலக்கும் இடத்தில் சோழரின் துறைமுகமாக இருந்த காவிரிப்பூம்பட்டினத்துக்குப் புகார் என்பது மறுபெயர். இன்றைக்கு அந்த இடம் மயிலாடுதுறை மாவட்டத்தில் பூம்புகார் என்ற கடலோரச் சிற்றூர். இரண்டாம் நூற்றாண்டில் நிலவியல் நூல் எழுதிய கிரேக்கர் தாலமி, அதைக் ‘கபேரிஸ்’ என்ற வாணிகத் துறையாகக் குறித்துவைத்தார். காவிரிதான் அவர் எழுத்தில் அப்படி ஆகியிருக்கிறது. ஆனால் ‘புகார்’ என்பது ஊருக்குப் பெயராகும் முன்பே ஒரு பொதுச்சொல். ஆறு கடலில் புகும் இடம், ஆற்றுமுகம் என்பது அதன் பொருள். புகுதல் என்ற வினை அதற்குள் இருப்பதைக் காதே சொல்லிவிடும்.

இந்தப் பொதுப்பொருளை நேராகப் பார்க்க வேண்டுமானால் புறநானூற்றின் 30ஆம் பாட்டுக்குப் போக வேண்டும். சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. அதில் இப்படி வருகிறது:

“கூம்பொடு
மீப்பாய் களையாது மிசைப்பரம் தோண்டாது
புகாஅர்ப் புகுந்த பெருங்கலம்”

பாய்மரத்தையும் மேற்பாயையும் இறக்காமல், மேலே ஏற்றிய சரக்கையும் குறைக்காமல், அப்படியே ஆற்றுமுகத்துக்குள் வந்துவிட்ட பெரிய கப்பல். பழைய உரைகாரரும் இங்கே புகாரை ஆற்றுமுகம் என்றே கொள்கிறார். ஏன் இதைப் புலவர் எடுத்துச் சொல்ல வேண்டும்? ஆற்றுமுகம் என்றால் மணல் அடைக்கும், ஆழம் குறையும். பெரிய கப்பல் வெளியிலேயே நின்று, பாரத்தைச் சின்னப் படகுகளுக்கு மாற்றி, எடை குறைந்த பிறகுதான் உள்ளே வர முடியும். அந்த வேலையே தேவைப்படாத அளவுக்கு ஆழமான ஆற்றுமுகம் இவன் நாட்டில் இருக்கிறது என்பதுதான் பாராட்டு. கப்பல்களைப் பார்த்துக்கொண்டே வளரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த மூன்று வரியை விளக்குவது எளிது. என் அக்கா மகள் உடனே, “டிராஃப்ட் அதிகமா இருந்தாலும் உள்ள வரலாம்னு சொல்றாங்களா?” என்று கேட்டாள். டிராஃப்ட் என்றால் கப்பல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம். ஆமாம், அதேதான்.

அந்தப் பாட்டின் ஓசையையும் கவனிக்க வேண்டும். புகாஅர்ப் புகுந்த என்று சொல்லும்போதே கப்பல் உள்ளே நுழைவது கேட்கிறது. இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொரு சுவையும் உண்டு. ‘புகார்’ என்பதை வினையாகப் படித்தால் ‘புகமாட்டார்கள்’ என்று பொருள். செல்லார், அறியார் என்பதைப் போல. நுழையும் இடத்துக்கும் நுழையாதவர்களுக்கும் ஒரே எழுத்துகள்.

மலாய் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வந்திருக்கும்: குவாலா. குவாலா திரங்கானு, குவாலா சிலாங்கூர் என்று அக்கரை ஊர்ப்பெயர்களில் முன்னால் நிற்பது. அதற்கும் ஆற்றுமுகம் என்றுதான் பொருள். பொருளால் பார்த்தால் நம் புகாரும் அவர்கள் குவாலாவும் உடன்பிறப்புகள். ஆறு இன்னோர் ஆற்றில் சேரும் இடத்தையும் மலாயில் குவாலா என்பார்கள், கோலாலம்பூர் அப்படி அமைந்ததுதான். தமிழ் அதற்குக் கூடல் என்று தனிச்சொல் வைத்திருக்கிறது. இன்று பாடப்புத்தகத்தில் ஆற்றுமுகத்துக்குக் கழிமுகம் என்றும் முகத்துவாரம் என்றும் எழுதுகிறோம். கழிமுகம் நல்ல சொல்தான். ஆனாலும் புகார் என்ற சொல் பொதுப்பொருளை இழந்து ஓர் ஊரோடு மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டதே என்று எனக்கு வருத்தம் உண்டு.

இந்தக் கடற்பகுதிக்கும் அந்த ஊருக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்திருந்த பொருள்களைப் பட்டினப்பாலை அடுக்கிச் சொல்லும்போது “ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்” என்கிறது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. அவர் சொன்னபடி கொண்டால், நமக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு புகாரில் இறங்கியிருக்கிறது.

புகாருக்கு அகராதிகள் தரும் இன்னொரு பொருள் மூடுபனி, மந்தாரம். மேகம் என்றும் சொல்வார்கள். எழுத்தளவில் ஒட்டிய இன்னொரு சொல் புகர். மங்கிய நிறம், புள்ளி என்று அதற்குப் பொருள். யானையைப் புகர்முகம் என்று சங்கப்பாட்டு சொல்வது அதனால்தான். 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் நம் ஊரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டு, எதிர் புளோக்கே தெரியாமல் போனதே, அதற்கும் புகார் என்று பெயர் வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். நாம் பழகியிருக்கும் புகைமூட்டம் மிகச் சரியான சொல். எங்கோ காடு எரிந்து வந்த புகை அது. அகராதியில் இருக்கும் புகாரில் நெருப்பு கிடையாது, நீர்தான் இருக்கிறது. ஆனால் விடிய விடிய மழை பெய்து ஓய்ந்த காலையில் புக்கிட் தீமா மேட்டின் மரங்களுக்கு நடுவே வெள்ளையாகத் தங்கி நிற்குமே, அதை என்ன சொல்வது? மூடுபனி என்று எழுதும்போது எனக்கு உறுத்தும். பனியே இல்லாத ஊர் இது. அங்கே புகார் என்ற சொல் பொருந்தி உட்காரும்.

சரி, இனி அடுத்த புகாருக்கு வருவோம்.

இது இந்தி, உருது பக்கத்திலிருந்து வந்தது. அங்கே ‘புகார்’ என்றால் கூவி அழைப்பது, உரக்கக் குரல் கொடுப்பது. உதவி கேட்டுப் போடும் கூக்குரலும் அதில் அடங்கும். தமிழ்நாட்டில் நவாபுகளும் மராத்தியரும் ஆண்ட காலத்தில் கச்சேரி மொழியாக, அதாவது அரசு அலுவலக மொழியாக, நுழைந்த சொற்கள் பல. வக்கீல், ஜாமீன், ஜப்தி, ராஜினாமா என்று நீளும். பிராது என்ற சொல்லும் அப்படி வந்ததுதான், பாரசீகத்தின் ‘ஃபரியாத்’ தமிழ் நாக்கில் தேய்ந்து பிராது ஆனது. புகார் நுழைந்தபோது அதற்கு ஒரு வசதி இருந்தது. அதே ஒலியில் ஒரு சொல் தமிழில் ஏற்கெனவே இருந்ததால் அந்நியமாகத் தெரியவில்லை. ஜாமீனில் உள்ள ‘ஜா’ காட்டிக் கொடுத்துவிடும். புகாரில் அப்படிக் காட்டிக் கொடுக்கும் எழுத்து ஒன்றுமில்லை. அதனால்தான் தமிழ் ஆர்வலர்கள் பலரும் இதைத் தமிழ்ச்சொல் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ‘புகார்தாரர்’ என்று எழுதும்போது மட்டும் வால் தெரியும். அந்தத் ‘தார்’ தாசில்தாரிலும் ஜமீன்தாரிலும் உள்ள பாரசீக ஒட்டு.

இதற்கு நடுவே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் புகாரி என்று பெயர் வைப்பது உண்டு. அது இந்த இரண்டு புகாரோடும் சேராது. உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாரா என்ற பழம்பெரும் நகரத்தைச் சேர்ந்தவர் என்பது அதன் பொருள். அதுவும் ஓர் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது என்பது மட்டும்தான் ஒற்றுமை.

அப்படியானால் கண்ணகி செய்ததற்குத் தமிழில் என்ன பெயர்? அதை இளங்கோவடிகளே வைத்திருக்கிறார். அவள் அரசன் முன் பேசும் பகுதிக்கு ‘வழக்குரை காதை’ என்று தலைப்பு. வழக்கை உரைக்கிறாள். “தேரா மன்னா” என்று தொடங்குகிறாள். நீ யார் என்று அரசன் கேட்டதற்கு, கன்றை இழந்த பசு அடித்த மணிக்காகத் தன் மகனையே தேர்ச்சக்கரத்தில் பலி கொடுத்த சோழனின் ஊர் என்று சொல்லி, “பெரும்பெயர்ப் புகார் என் பதியே” என்று முடிக்கிறாள். இந்த வரியைப் பிள்ளைக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினேன். முறையிட வந்தவள் சொல்லும் ஊரின் பெயர் புகார். அந்த ஊரிலோ, வாயில்லாத மாடுகூட முறையிட்டால் அரசன் கேட்டான். கண்ணகி தன் ஊரைச் சொன்ன விதத்திலேயே பாண்டியனுக்குக் குற்றம் உறைத்திருக்கும்.

முறை என்ற சொல்தான் இதில் அடிப்படை. நீதி கேட்டு வருவதை ‘முறை வேண்டுதல்’ என்றார்கள். “முறைவேண்டு பொழுதில் பதனெளியோர்” என்கிறது புறநானூறு 35. முறை கேட்டு வருபவர் எளிதாகப் பார்க்கும்படி இருக்கும் அரசர், மழை வேண்டிய நேரத்தில் மழை பெற்றவர் போன்றவர் என்று அந்தப் பாட்டு போகிறது. வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம் இதைப் பாடித் தம் நிலத்தின் பழைய வரிக்கடனைத் தள்ளுபடி செய்துகொண்டார் என்று பாட்டின் குறிப்பு சொல்கிறது. பாட்டே ஒரு விண்ணப்பம்.

முறையிலிருந்து முறையீடு வந்தது. இலங்கைத் தமிழர்கள் முறைப்பாடு என்பார்கள். “பொலிஸில் முறைப்பாடு செய்தார்” என்று அவர்கள் செய்தித்தாள் இயல்பாக எழுதும். புகாருக்கு நேரான தமிழ்ச்சொல் எது என்று கேட்டால் நான் முறைப்பாட்டைத்தான் சொல்வேன். முறையீடும் சரிதான், ஆனால் நீதிமன்றச் செய்தியில் மேல்முறையீடு என்ற சொல் அடிக்கடி வருவதால், முறையீடு என்றாலே ஏதோ தீர்ப்பை எதிர்த்துப் போவதாகப் படிப்பவருக்குத் தோன்றிவிடுகிறது. குற்றச்சாட்டு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பணப்பை தொலைந்துபோனதைக் காவல்நிலையத்தில் பதிவு செய்யப் போகிறோம், அங்கே யார் மேல் சாட்டுவது? மேல்வீட்டு ஈரத்துணி நம் பாயில் சொட்டுகிறது, மின்தூக்கி நான்காவது மாடியில் நிற்பதில்லை என்பதற்கெல்லாம் முறைப்பாடு என்பதே கொஞ்சம் பெரிய சொல். அவை குறைகள். குறை தெரிவித்தோம் என்றால் போதும். தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் ‘குறைதீர்க்கும் நாள்’ என்று நடத்துகிறார்களே, அந்தக் குறைதான்.

பேசும்போது புகார் என்று வந்தால் நான் யாரையும் திருத்துவதில்லை. நானும் அப்படித்தான் பேசுகிறேன். எழுதும்போது, அதுவும் பிள்ளைகள் படிக்கும் தாளில் எழுதும்போது, ஒரு நிமிடம் நின்று குறையா, முறைப்பாடா, குற்றச்சாட்டா என்று பார்க்கிறேன். மூன்றும் மூன்று அளவு. புகார் என்று ஒன்றையே போட்டால் அந்த வேறுபாடு தெரியாமல் போய்விடுகிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் அக்கா மகள் தன் குறிப்பேட்டில் ‘புகார்: ஆறு கடலில் புகும் இடம்’ என்று எழுதிக்கொண்டாள். அப்புறம் தலையை நிமிர்த்தி, “அப்போ சிங்கப்பூர் ஆத்துக்குப் புகார் எங்க சித்தி? மெர்லயன் சிலை பக்கமா?” என்றாள். முன்பு அங்கேதான். 2008இல் மரினா அணைக்கட்டு வந்ததிலிருந்து ஆறு முதலில் நன்னீர்த் தேக்கத்தில் போய்ச் சேர்கிறது, கனமழையில் கடல் தாழ்ந்திருக்கும்போது மதகைத் திறந்துவிடுகிறார்கள். வரைபடத்தை விரித்து இரண்டு பேரும் விரலை ஆற்றோடு நகர்த்திக்கொண்டே போய், அணைக்கட்டின் மதகில் நிறுத்தினோம்.