ஹங்கேரிய ஞாயிறு பஃபே: சூட்டுத் தட்டில் எது தாங்கும், எது தாங்காது?

ஹங்கேரியில் ஞாயிறு மதியச் சாப்பாடு தெளிந்த இறைச்சி சூப்பில் தொடங்கும். அடுத்து பாப்ரிகா என்ற சிவப்பு மிளகாய்த் தூள் போட்ட குழம்பு வரும், அல்லது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பன்றி இறைச்சி. கடைசியில் இனிப்பு. வீட்டில் இவை அடுப்பிலிருந்து நேராக மேசைக்கு வந்துவிடும். உணவகம் இதையே பஃபேயாக வைத்தால், ஒவ்வொரு பண்டமும் சூட்டுத் தட்டில் (அடியில் சுடுநீர் வைத்து உணவைச் சூடாகக் காக்கும் தட்டு) இரண்டு மூன்று மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். சில அந்த நேரத்தில் இன்னும் பதப்படும். சில கால் மணி நேரத்தில் வீணாகும்.

சூப்பில் அவசரம் கூடாது. சுமார் 2 கிலோ எடையுள்ள முற்றிய கோழிக்கு 4 லிட்டர் தண்ணீர், அதுவும் பச்சைத் தண்ணீர். மெல்லச் சூடேறும்போது இறைச்சியில் கரையக்கூடிய புரதம் வெளியே வந்து, திரண்டு, நுரையாக மிதக்கும், அதை எடுத்துவிடலாம். கொதிநீரில் போட்டால் அதே புரதம் சட்டென்று உறைந்து பொடிப்பொடியாகச் சூப்பிலேயே தங்கிவிடும். பிறகு மூன்று நான்கு மணி நேரம் அடியிலிருந்து முத்து முத்தாகக் குமிழி எழுந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் மேலே மிதக்கும் கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறி நீரோடு கலந்துவிடும். அப்படிக் கலங்கிய சூப்பை வடிகட்டித் தெளிய வைப்பது கஷ்டம். கேரட், பார்ஸ்லி வேர், செலரிக் கிழங்கு எல்லாம் கடைசி ஒரு மணி நேரத்துக்குத்தான். வெங்காயத்தைத் தோலோடு போடுவது பொன்னிறத்துக்காக. பஃபேயில் நூடுல்ஸைத் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். சூப்பிலேயே கிடந்தால் அது ஊதிக் குழைவதோடு, தன் மாவால் சூப்பையும் கலக்கிவிடும்.

பஃபேக்கென்றே பிறந்தது போன்ற பண்டம் பொர்கொல்ட் என்ற கெட்டியான இறைச்சிக் குழம்பு. வெளிநாட்டில் பலரும் குலாஷ் என்று நினைப்பது இதைத்தான். ஹங்கேரியில் குலாஷ் என்பது சூப். பத்துப் பேருக்கு மாட்டின் கணுக்கால் இறைச்சி 2 கிலோ, பொடியாக நறுக்கிய வெங்காயம் 700 முதல் 800 கிராம், பன்றிக் கொழுப்பு 120 கிராம், பாப்ரிகாத் தூள் 50 கிராம். வெங்காயத்தைக் கண்ணாடிபோல் ஆகும்வரை கொழுப்பில் நிதானமாக வதக்க வேண்டும். குழம்புக்குக் கெட்டித்தன்மை தருவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு, மாவு போடுவதில்லை. அளவு அதிகமாக இருக்கிறதே என்று வெங்காயத்தைக் குறைப்பவர்களின் குழம்புதான் நீர்த்துப் போகிறது.

பாப்ரிகா போடும் முன் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்க வேண்டும். இதை மட்டும் விட்டுவிடக் கூடாது. பாப்ரிகாவின் சிவப்புக்குக் காரணமான கேப்சாந்தின் போன்ற கரோட்டினாய்டுகள் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் சூடான கொழுப்பில் கலந்தால்தான் நிறம் பிடிக்கும். ஆனால் அந்தத் தூளில் சர்க்கரையும் நிறைய. அடுப்பின் மேலேயே போட்டால் சில நொடிகளில் கருகிக் கசந்துவிடும். கசந்த குழம்பை மீட்க வழியில்லை. இறக்கி வைத்து, தூளைப் போட்டுக் கிளறி, உடனே ஒரு குழிக்கரண்டி தண்ணீர் விட்டால் சூடு தணியும். அதன்பின் இறைச்சி, உப்பு, மூடி. தண்ணீரை அடிப்பிடிக்காத அளவுக்கு மட்டும் அவ்வப்போது சேர்க்கலாம்.

கணுக்கால் இறைச்சியைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதிலுள்ள கொலாஜன் என்ற இணைப்புத் திசுப் புரதம். 70 டிகிரி செல்சியசுக்கு மேல் அது மெல்ல ஜெலட்டினாக இளகும். இரண்டரை, மூன்று மணி நேரமாவது ஆகும். அந்த ஜெலட்டின் நார்களை ஈரமாகக் காக்கும், குழம்புக்குப் பளபளப்பும் தரும். அதனால் சூட்டுத் தட்டில் இரண்டு மணி நேரம் இருந்தாலும் பொர்கொல்ட் வறண்டு போகாது. நீர் ஆவியாகி உப்புதான் தூக்கலாகும். முதலில் உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போட்டு, இடையிடையே சுடுநீர் தெளித்தால் சரியாகிவிடும்.

குழந்தைகள் வரும் பஃபேயில் காரத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. நம் மிளகாயும் பாப்ரிகாவும் கேப்சிகம் ஆன்னுவம் என்ற ஒரே இனம்தான், ஆனாலும் காரம் வேறு. காரம் தரும் கேப்சைசின் விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில் உருவாகிறது. ஒரு காலத்தில் அந்த நரம்பை நீக்கிவிட்டு அரைத்தார்கள். பின்னர் காரமே இல்லாத வகைகளையே வளர்த்தெடுத்தார்கள். இனிப்பு வகைத் தூளில் சமைத்து, காரமான பாப்ரிகா விழுதைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் இரு தரப்புக்கும் பொருந்தும். (செகெட் நகரில் இந்தப் பாப்ரிகாவிலிருந்துதான் ஆல்பர்ட் சென்ட்-ஜோர்ஜி வைட்டமின் சி-யை ஏராளமாகப் பிரித்தெடுத்தார், 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.)

கோழி பாப்ரிகாஷ் என்ற பாப்ரிகாக் கோழிக் குழம்பில் சிக்கல் சவர் க்ரீம், அதாவது புளிக்க வைத்த க்ரீம். அதன் அமிலத்தன்மையில் பால் புரதமான கேசின் ஏற்கெனவே இறுகிப் பிணைந்திருக்கிறது. கொதிக்கும் குழம்பில் விழுந்தால் அது மேலும் சுருங்கி, நீரைப் பிழிந்து வெளியேற்றித் திரிதிரியாகிவிடும். 2 கிலோ கோழிக்கு 20 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம் 400 கிராம் எடுத்து, 2 மேசைக்கரண்டி மாவைக் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். மாவுச்சத்து சூட்டில் ஊதி, புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும். சூடான குழம்பு இரண்டு மூன்று கரண்டியை முதலில் க்ரீமில் விட்டுக் கலக்கி, பிறகு மொத்தத்தையும் பாத்திரத்தில் ஊற்றி, ஐந்து நிமிடம் இளஞ்சூட்டில் வைத்தால் மாவின் பச்சை வாசனை போய்விடும். 12 சதவீத க்ரீம் மலிவுதான், ஆனால் எளிதில் திரியும். பஃபேக்கு அது வேண்டாம்.

கூடவே வைக்கும் நொகெட்லி என்ற சிறு மாவு உருண்டைகளுக்கு 500 கிராம் மாவு, 3 முட்டை, சுமார் 300 மில்லி தண்ணீர். மாவு கலந்தால் போதும். அடித்துப் பிசைந்தால் மாவின் புரதமான குளூட்டன் வலுத்து ரப்பராகிவிடும். வெந்து மேலே மிதந்ததும் வடித்து, உடனே கொழுப்பில் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆறும் மாவுச்சத்து எல்லாவற்றையும் ஒரே கட்டியாக ஒட்டிவிடும்.

பொரித்த இறைச்சி பஃபேக்கு ஏற்றதே அல்ல. ஆனால் குழந்தைகள் முதலில் தேடுவது அதைத்தான். 170 டிகிரி எண்ணெயில் மேலோட்டின் நீர் ஆவியாகி வெளியேறுவதால் மொறுமொறுப்பு வருகிறது. உள்ளே இறைச்சியில் ஈரம் அப்படியே இருக்கும். எடுத்த நிமிடம் முதல் அந்த ஈரம் வெளியே நகரும். மூடி போட்டால் ஆவி மேலிருந்தும் சொட்டும். கம்பி வலைத் தட்டில் ஒரே அடுக்காக, மூடாமல், விளக்குச் சூட்டின் கீழ் வைக்கலாம். ஒரு தடவைக்குக் கால் மணி நேரத்தில் தீரும் அளவுதான் பொரிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறு பூரணம் வைத்த புளித்த முட்டைக்கோஸ். அமிலம் செல்சுவர்களைக் குழையாமல் காப்பதால் இரண்டு மணி நேரம் வெந்தும் இலை கிழியாது. பூரணத்திலுள்ள அரிசி ஊதுவதற்கு இடம் விட்டுத் தளர்வாகச் சுருட்டாவிட்டால் வெடித்துவிடும்.

முட்டைக்கோஸையும் குழம்பையும் சனிக்கிழமையே சமைப்பது வழக்கம், ருசியும் கூடும். ஆபத்தும் அங்கேதான். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் பிழைக்கும். பெரிய பாத்திரம் மெல்ல ஆறும்போது, குறிப்பாக 43 முதல் 47 டிகிரியில், அவை வெகுவேகமாகப் பெருகும். எனவே 5 செ.மீ. ஆழத்துக்கு மேற்படாத தட்டுகளில் பரப்பி, விரைவாக ஆற்றிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் அடுப்பில் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொடும்வரை சூடாக்கிய பிறகே சூட்டுத் தட்டுக்கு மாற்றலாம். அந்தத் தட்டு சூட்டைக் காக்குமே தவிர, ஆறியதைச் சூடாக்காது. கீழே ஊற்றும் தண்ணீரும் முதலிலேயே கொதிநீராக இருக்கட்டும். பரிமாறும் நேரம் முழுதும் பண்டம் 63 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது.

இனிப்புக்கு ஷொம்லோயி கலுஷ்கா: மூன்று வகை ஸ்பாஞ்ச் கேக், வால்நட், உலர் திராட்சை, வெனிலா கஸ்டர்ட். வழக்கமான ரம்முக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு ஊற்றினால் குழந்தைகளும் சாப்பிடலாம். கஸ்டர்டில் பாலும் முட்டையும் இருப்பதால் பாத்திரத்தைப் பனிக்கட்டி மேல் வைக்க வேண்டும். அடித்த க்ரீமைப் பரிமாறும்போதுதான் சேர்க்கலாம், ஏனென்றால் 10 டிகிரியைத் தாண்டினால் அதன் கொழுப்பு இளகி, பிடித்து வைத்திருந்த காற்று வெளியேறிவிடும்.