ஈயின் பத்தாயத்தைத் திறப்பது யார்?

மட்டி வாழைக்குலை பழுக்க ஆரம்பித்தால் போதும், எங்கிருந்து வரும் என்றே தெரியாது, எங்கள் அடுக்களையில் பழ ஈக்கள் வந்துவிடும். 3 மில்லிமீட்டர்கூட இருக்காது. சிவந்த கண். நல்ல பழத்தைச் சட்டை செய்யாது, தோல் வெடித்துப் புளிக்கத் தொடங்கிய இடத்தில்தான் போய் உட்காரும். மாங்காயைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கிற பழ ஈ வேறு. நான் சொல்வது டிரோசோஃபிலா குடும்பத்து ஈ.

இந்த ஈக்குள்ளும் ஒரு பத்தாயம் இருக்கிறது. பழைய வீடுகளில் நெல் போட்டு வைத்தோமே, அதே மாதிரி, சாப்பாடு கிடைக்கும் நாளில் கொழுப்பைத் துளித்துளியாகச் சேர்த்து வைத்து, கிடைக்காத நாளில் எடுத்து எரிக்கிற ஒரு திசு. நமக்குக் கல்லீரலும் கொழுப்புத் திசுவும் பிரித்துச் செய்கிற வேலையை ஈயில் அது ஒன்றே பார்த்துக்கொள்கிறது. சரி, பட்டினி வந்தால் பத்தாயத்தைத் திறப்பது யார்?

விடையை ஈயின் மரபணுக்களில்தான் தேட வேண்டும். 2000-ஆம் ஆண்டு இந்தக் குடும்பத்து ஈக்களில் ஒன்றான டிரோசோஃபிலா மெலனோகாஸ்டரின் மரபணுத் தொகுதி வெளியானபோது, அதில் சுமார் 13,600 மரபணுக்கள் இருக்கும் என்று கணினி சொன்னது. பலவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது, சிஜி என்ற எழுத்தும் ஒரு எண்ணும்தான். ஈயின் மரபணு விவரங்களைச் சேர்த்து வைக்கிற ஃப்ளைபேஸ் தரவுத்தளத்தில் இன்றைக்கும் பல மரபணுக்களுக்கு நேரே "கொழுப்பு வளர்சிதை மாற்றத்தில் பங்கிருக்கலாம் எனக் கணிக்கப்படுகிறது" என்கிற மாதிரி ஒரு வரிதான் இருக்கும்.

எதை வைத்துக் கணிக்கிறார்கள்? முகச்சாயலை வைத்து. சந்தையில் வழி மறித்து "நீ இன்னாருக்க பேரன்தானே?" என்று கேட்பார்களே, அப்படித்தான். கொழுப்பை உடைக்கும் நொதிகளுக்கு லைப்பேஸ் என்று பெயர். பல லைப்பேஸ்களில், வெட்டுகிற இடத்தில் செரீன் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டுகிற கல்) இருக்கும், அதன் இரு பக்கமும் குறிப்பிட்ட வரிசையில் கிளைசீன் என்ற இன்னொரு அமினோ அமிலம் இருக்கும். புதிய மரபணுவின் வரிசையிலும் அதே சாயல் தெரிந்தால், இதுவும் அந்தக் குடும்பம் என்று கணினி எழுதிவிடும்.

ஆனால் தாத்தா ரப்பர் பால்வெட்டுக்குப் போனார் என்பதற்காகப் பேரனும் போவான் என்று அடித்துச் சொல்ல முடியாதே! டிரோசோஃபிலாவின் முட்டைக் கருவுக்கு உணவாகும் மஞ்சள்கருப் புரதங்கள் பார்ப்பதற்கு அப்படியே லைப்பேஸ் குடும்பம்தான், ஆனால் வெட்டுகிற அந்தச் செரீன் அவற்றில் இல்லை, கொழுப்பை உடைக்கிற வேலையும் கிடையாது. இதனால்தான் கணிப்பைக் கணிப்பாக மட்டும் வாசிக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது.

கணிப்பு பலித்த கதை என்றால் சிஜி5295 என்ற மரபணு, அதாவது பிரம்மர். மனிதரில் இதற்கு உறவான ஏடிஜிஎல் என்ற லைப்பேஸ் 2004-ல் தெரியவந்தது, அடுத்த ஆண்டே ஈயின் பிரம்மர் பற்றிய ஆய்வு வந்தது. மரபணுவை நீக்கிய ஈக்களில் கொழுப்பு கூடியது. அளவுக்கு மேல் வேலை செய்ய வைத்தபோது கொழுப்பு கரைந்து போனது. ஒரே மரபணு, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாயிற்று.

இந்த மாதிரிச் சோதனைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது மிதக்க விடுவது. ஈயின் புழுக்களைச் சர்க்கரைக் கரைசலில் போட்டு, கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடர்த்தியாக்கிக்கொண்டே போவார்கள். கொழுத்த புழு முதலில் மேலே வரும், மெலிந்தது அடியிலேயே கிடக்கும். தேங்காய் அரைத்த மீன்குழம்பில் எண்ணெய் மேலே தெளிந்து நிற்பதற்கு என்ன காரணமோ, அதேதான் இங்கேயும்.

அப்புறம் பட்டினிச் சோதனை. பிரம்மர் இல்லாத ஈக்களைப் பட்டினி போட்டபோதும் கொழுப்பில் ஒரு பகுதி குறைந்தது! அப்படியானால் பத்தாயத்துக்கு இன்னொரு சாவி இருக்க வேண்டும். அது ஏகேஹெச் என்ற ஹார்மோன் வழி, நம் உடம்பில் சேமிப்பை வெளியே எடுக்கச் சொல்கிற குளுக்ககான் என்ற ஹார்மோன் செய்கிற வேலைக்கு நெருக்கமானது. 2007-ல் வந்த ஆய்வில், பிரம்மரும் இல்லாமல் அந்த ஹார்மோனின் சேதியை வாங்கிக்கொள்கிற ஏற்பியும் இல்லாமல் ஈக்களை உருவாக்கினார்கள். அவை மிகவும் கொழுத்திருந்தன. உணவை நிறுத்தியதும் சீக்கிரமே செத்துப்போயின, பத்தாயம் நிறையக் கொழுப்பு அப்படியே இருக்க.